வறண்ட முற்றத்தில் என்ன நடலாம்? கேள்வி பதில்

மஸ்கட்டில் 11 வருடம் வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்ட பிறகு, இப்போது ஆரல்வாய்மொழியில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகன் ரியாத்தில் வீடு எடுத்திருக்கிறான். பின்பக்கம் வெறும் மணல், 45 டிகிரி வெயில். எதை நடச் சொல்லட்டும்? (நாகர்கோவில்)

அம்மா, இப்போது கோடையில் எதையும் நட வேண்டாம். அக்டோபர் கடைசியில் நட்டால் குளிர்காலம் முழுக்க வேர் இறங்கும், அடுத்த வெயிலைத் தாங்கும். நிழலுக்கு வன்னி. நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னியைத்தான் அங்கே காஃப் என்கிறார்கள், அமீரகத்தின் தேசிய மரம் அது. மேலே மணல் கொதித்தாலும் அதன் வேர் ஆழத்தில் ஈரத்தைத் தேடிப் பிடித்துவிடும். மதிலோரம் காகிதப்பூ. அதைக் கொஞ்சம் காயப்போட்டால்தான் பூத்துக் குலுங்கும். தொட்டிக்கு அடினியம், அரேபியாவிலேயே காட்டில் வளர்கிற செடி. எதற்கும் தினம் ஒரு குவளை என்று ஊற்றக் கூடாது. ஒரு அடி ஆழம் நனைய ஊற்றி, காய்ந்த பிறகு மறுபடி ஊற்றட்டும். தினம் மேலாக நனைத்தால் வேரும் மேலேயே சுற்றும், ஒரு நாள் தவறினால் கருகிவிடும்.

தினமும் தண்ணீர் விட்டும் அடினியம் வாடுகிறது. (தோவாளை)

விட்டதால்தான் வாடுகிறது. அடித்தண்டை அமுக்கிப் பாருங்கள். கனிந்த சப்போட்டா போலக் குழைந்தால் அழுகிவிட்டது. கல் மாதிரி இருந்தால் பிழைக்கும், பத்து நாள் தண்ணீர் காட்டாதீர்கள்.

துபாயில் பார்த்த கோனோகார்பஸ் மரத்தை வேலியாக வைக்கலாமா? சீக்கிரம் வளருமே. (அஞ்சுகிராமம்)

வேண்டாம் தம்பி. வேர் ஈரத்தைத் தேடிக் குழாய்க்குள் போய்விடும், பூவின் மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமை தரும். குஜராத்தில் 2023-இல் தடையே போட்டார்கள்.

வெட்டி வெட்டி விட்டால் பூக்காது, பூக்காவிட்டால் ஒவ்வாமை வராது அல்லவா? (அதே தம்பி)

பூப்பது நிற்கும், வேர் ஓடுவது நிற்காது. மஸ்கட்டில் ஒரு வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் திறந்தோம். உள்ளே தேங்காய் நார் திரித்த மாதிரி, கைத்தடிமன் வேர்ச்சடை. இழுக்க இழுக்க வந்தது.

எங்கள் தெருவில் மூன்று வருடமாக நிற்கிறது, ஒரு குழாயும் உடையவில்லையே அண்ணாச்சி. (கொட்டாரம்)

மூன்று வருடம் ஒரு கணக்கா? மண்ணுக்குள் நடப்பது மேலே தெரியாது. வேலிக்கு நொச்சி வையுங்கள். ஆடு கடிக்காது, கொசுவுக்குப் புகை போடவும் ஆகும். ஆடி மாதம் கணவாய் வழியாக வருகிற காற்று இங்கே ஆளையே தள்ளும், அதிலும் என் பண்ணை நொச்சி வளைந்து நிமிர்ந்து நிற்கிறது. இன்னும் கோனோகார்பஸ்தான் வேண்டும் என்றால் என் பண்ணையில் கிடைக்காது.

கடலோர வீடு, உப்புக்காற்று. (குளச்சல்)

பூவரசு, புன்னை. தரையில் அடம்புக்கொடி படரட்டும்.

குலசேகரத்தில் அடினியம் வருமா?

உங்கள் பக்கம் மழை அதிகம். தொட்டியில், மழை படாத இடத்தில் வையுங்கள்.

அரளி நடலாமா? சின்னப் பிள்ளை இருக்கிறது.

நட வேண்டாம். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

வேப்பங்கன்றுக்கு தினமும் எத்தனை லிட்டர்? (ஆரல்வாய்மொழி)

தினமும் வேண்டாம் என்று மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். விரலை இரண்டு கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் வாளியைக் கீழே வையுங்கள்.