புதிய டிரைவர் எப்போது கைவசப்படும்?

கேள்வி: பத்து ஆண்டுகளாக ஒரே டிரைவரால் (தூரமான முதல் அடிக்கு எடுக்கும் நீள மட்டை) கோல்ஃப் ஆடிவந்த நான் இப்போது புதியது வாங்கியிருக்கிறேன். பழையதன் நீளம் 44.5 அங்குலம், புதியது 45.75. லாஃப்ட் (பந்தை அடிக்கும் பரப்பின் சாய்வு) இரண்டிலும் 10.5 டிகிரிதான். வாங்குவதற்கு முன் கடையில் திரைக்கு எதிரே அடித்துப் பார்த்தபோது பந்து நேராகவும் தூரமாகவும் போனது. மைதானத்தில் பாதிப் பந்துகள் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகின்றன. நடுநடுவே ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் இடப்பக்கம் பாய்கிறது. அடிக்கும்போது வரும் சத்தமும் பிடிக்கவில்லை. டிரைவரிலேயே உள்ள திருகைத் திருப்பி லாஃப்டை மாற்றச் சொல்கிறார் ஒரு நண்பர். ஸ்விங்கையே, அதாவது மட்டையைச் சுழற்றும் விதத்தையே, மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். எத்தனை சுற்று ஆடினால் இது பழகும்? நான் வலக்கை ஆட்டக்காரன்.

பதில்: இரண்டு நண்பர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டு, இருவர் யோசனையையும் சில வாரங்களுக்கு ஒத்திவையுங்கள். இப்போதைக்குத் திருகும் வேண்டாம், ஸ்விங் மாற்றமும் வேண்டாம். பந்து டிரைவரின் முகத்தில் (பந்தை அடிக்கும் பரப்பில்) எந்த இடத்தில் படுகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் எதை மாற்றினாலும் குருட்டு வைத்தியம்தான்.

சுற்றுகளைக் கணக்கிட்டுப் பயனில்லை. வழக்கமான 18 குழி மைதானத்தில் நான்கு குழிகள் பார் மூன்று, அதாவது மூன்றே அடிகளில் முடிக்க வேண்டிய குறுகிய குழிகள்; அங்கே டிரைவர் தேவைப்படாது. மிச்சமுள்ள 14 குழிகளிலும் டிரைவர் எடுத்தால்கூட, நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்து 14 அடிகள்தான் அடித்திருப்பீர்கள். அதுவும் ஒவ்வோர் அடிக்கும் நடுவே கால் மணி நேர இடைவெளி. அந்த வேகத்தில் கைக்குப் புதுப் பழக்கம் ஏறாது. பதற்றம் மட்டும் ஏறும்.

கடையில் நேராகப் போனது மைதானத்தில் ஏன் வளைகிறது என்பதற்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. கடையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே உயர டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளையில்) வைத்து, வரிசையாக இருபது முப்பது பந்துகள் அடிக்கிறோம். ஐந்தாறு அடிகளுக்குள் உடல் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. காற்று இல்லை, காலடியில் சரிவு இல்லை, வலப்பக்கம் பயமுறுத்த மரமும் இல்லை. மைதானத்தில் ஒவ்வோர் அடியும் அன்றைய முதல் அடி மாதிரிதான். ஆகவே கடைத் திரையில் பார்த்த எண்கள் பொய் என்று நினைக்க வேண்டியதில்லை. அவை உங்கள் பத்தாவது, பதினைந்தாவது அடியின் எண்கள், அவ்வளவுதான்.

இப்போது முகத்துக்கு வருவோம். பொடியாகப் படியும் ஸ்பிரே ஒன்றை, கால் நாற்றத்துக்கு அடிப்பதோ தலைமுடிக்கு அடிப்பதோ எதுவானாலும் சரி, டிரைவரின் முகத்தில் மெல்லிசாக அடியுங்கள். வெள்ளைப் படலம் படியும். ஒரு பந்தை அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிப் பாருங்கள். பந்தின் குழிகள்கூடத் தெரிகிற மாதிரி வட்டமாக ஒரு தடம் விழுந்திருக்கும். ஐந்தாறு அடிகளுக்குப் பிறகு துடைத்துவிட்டு மறுபடி ஸ்பிரே அடியுங்கள். துடைக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சித் திடலில் பந்து எங்கே போய் விழுந்தது என்பதைவிட இந்தப் படங்கள் அதிகம் சொல்லும்.

தடம் ஏன் இவ்வளவு முக்கியம்? டிரைவரின் தலை உள்ளீடற்றது, அளவில் பெரியது. விதி அனுமதிக்கும் உச்சம் 460 கன சென்டிமீட்டர். பந்து அதன் எடை மையத்துக்கு நேராகப் படாமல் விலகிப் பட்டால் தலை சற்றுத் திரும்பும். ஒன்றோடொன்று பொருந்திய இரண்டு பல்சக்கரங்களில் ஒன்று சுழன்றால் மற்றது எதிர்த்திசையில் சுழல்வது போல, பந்தும் எதிர்ச்சுழல் வாங்கிக்கொள்ளும். உங்களைப் போன்ற வலக்கை ஆட்டக்காரருக்கு, ஷாஃப்டை (மட்டையின் தண்டை) ஒட்டிய ஹீல் பக்கம் பட்ட பந்து வலப்பக்கம் வளையப் பார்க்கும். வெளி நுனியான டோ பக்கம் பட்டது இடப்பக்கம் வளையப் பார்க்கும். முகத்தின் மேற்பாதியில் பட்டால் உயரமாக எழும்பி, பின்சுழல் (பந்து பின்னோக்கிச் சுழல்வது) குறையும். கீழ்ப்பாதியில் பட்டால் பின்சுழல் ஏறித் தூரம் குறைந்துவிடும். ஸ்விங்கில் ஒரு குறையும் இல்லாமலே, படும் இடம் ஒரு விரல் அகலம் மாறினாலே பந்தின் போக்கு மாறிவிடுகிறது. பாதி வலப்பக்கமும் நடுவே ஒன்று இடப்பக்கமும் போகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது இங்கேதான்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: புதிய டிரைவர் பழையதைவிட ஒன்றேகால் அங்குலம் நீளம். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய மாற்றம். பத்து ஆண்டுகளாகப் பந்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று உங்கள் கால்களுக்கு மனப்பாடம். அதே இடத்தில் நின்றுகொண்டு நீளமான மட்டையைச் சுழற்றினால் தலை வெளியே தள்ளிப்போய், பந்து ஹீல் பக்கம் படும். அதைச் சரிக்கட்டக் கைகள் தாமாகவே உள்ளே இழுக்கும் அடியில் டோ பக்கம் படும். பிறகு எந்தப் பந்து எந்தப் பக்கம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

இதற்குச் செலவில்லாத பரிசோதனை ஒன்று உண்டு. கிரிப்பின் (கைப்பிடியின்) மேல் நுனியிலிருந்து ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து ஐந்தாறு பந்துகள் அடியுங்கள். தடங்கள் நடுவை நோக்கி நெருங்கி வந்தால் நீளம்தான் காரணம். அப்படியே பிடித்து ஆடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீளம் கூடினால் தலையின் வேகம் கூடலாம் என்பது உண்மை. ஆனால் நடுவில் படாத வேகம் கணக்கில் சேராது. கடைகளில் விற்கும் டிரைவர்கள் நீளமாக இருப்பதற்கு விளம்பரத் தூரமும் ஒரு காரணம். அவற்றைவிடக் குட்டையான டிரைவரைத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் விரும்பி வைத்திருக்கிறார்கள். இறக்கிப் பிடிப்பதைக் கொஞ்ச நாள் தொடர்ந்தபின், நுனிவரை பிடித்துக்கொண்டு பந்திலிருந்து அரை அடிச்சுவடு தள்ளி நின்று பாருங்கள். எது கூடி வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் விதத்தில் இன்னும் இரண்டே விஷயங்கள். பந்து இடக்கால் குதிகாலின் உட்புறத்துக்கு நேராக இருக்கட்டும். டிரைவரைத் தரையில் ஊன்றும்போது பந்தின் பாதி, தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிகிற உயரத்தில் டீ இருக்கட்டும். பழைய டிரைவரின் முகமும் புதியதன் முகமும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பதில்லை; ஆகவே பழைய டீ உயரத்தை அப்படியே கொண்டுவராதீர்கள். சரியான உயரம் அமைந்ததும் டீயில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தினம் மாறும் டீ உயரத்தை வைத்துக்கொண்டு தடங்களைப் படிக்க முடியாது.

சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். டிரைவர் தலையின் மேற்கூரை டைட்டானியமாக இருந்தால் கணீரென்றும், கார்பன் இழையாக இருந்தால் பொதுவாக அமுங்கியும் ஒலிக்கும். கையில் உணர்வதாக நாம் நினைப்பதில் பெரும்பங்கு காது சொல்வது. பந்து முகத்தோடு ஒட்டியிருப்பது ஏறக்குறைய அரை மில்லிவினாடிதான், சத்தம் காதில் விழும்போது பந்து போய்விட்டது. காது தானாகப் பழகிக்கொள்ளும்.

பயிற்சியில் ஒரு கூடைப் பந்துகளையும் டிரைவராலேயே அடித்துத் தீர்ப்பது வீண் களைப்பு. பாதிக்கு மேல் உடல் தளர்ந்து, தளர்ந்த ஸ்விங்கையே பழகிக்கொள்வீர்கள். டிரைவரால் ஒன்று, அதைவிடக் குட்டையான மட்டைகளான 7 அயர்னால் ஒன்று, வெட்ஜால் ஒன்று என மாற்றி மாற்றி அடியுங்கள். ஒவ்வொரு டிரைவர் அடிக்கும் முன் பின்னால் போய் நின்று, ஓர் இலக்கைப் பார்த்து, புதிதாக வந்து நில்லுங்கள். மைதானத்தில் தேவைப்படும் திறமை அதுதான்: ஆறிப்போன உடம்போடு வந்து ஒரே ஓர் அடி. முதல் இரண்டு வாரங்களுக்கு முக்கால் வேகம் போதும். முழு பலத்தில் அடித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு, வாங்கிய பணத்துக்குத் தூரம் வேண்டுமே! ஆனால் தடங்கள் சிதறிக் கிடக்கும்போது பலத்தைக் கூட்டினால் சிதறலும் கூடும்.

ஒரு நாள் பழைய டிரைவரையும் எடுத்துப்போய், ஒரே ரகப் பந்துகளால் மாறி மாறி அடித்து ஒப்பிடுங்கள். பயிற்சித் திடல் பந்துகள் பெரும்பாலும் தூரம் குறைவாகவே போகும், ஆகவே தூரத்தை நம்பாமல் வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அதிலும் நான் பார்க்கச் சொல்வது மோசமான அடிகளை. நல்ல அடி இரண்டிலும் நன்றாகத்தான் போகும். மோசமான அடி ஃபேர்வேயின் (புல் வெட்டிய ஆட்டப் பாதையின்) ஓரத்தில் நிற்கிறதா, காட்டுக்குள் போகிறதா என்பதில்தான் புதிய டிரைவருக்குக் கொடுத்த பணத்தின் மதிப்பு இருக்கிறது.

இப்போது அந்தத் திருகு. தடங்கள் ஓரளவு நடுவில் கூடிவந்த பிறகும் பந்து ஒரே மாதிரி வலப்பக்கம் வளைந்துகொண்டே இருந்தால், அப்போது உங்கள் நண்பர் சொன்னதைக் கேட்கலாம். பெரும்பாலான டிரைவர்களில் லாஃப்டைக் கூட்டினால், தரையில் ஊன்றும்போது முகம் சற்று மூடி, அதாவது இடப்பக்கம் பார்த்து, நிற்கும். குறைத்தால் திறந்து, வலப்பக்கம் பார்த்து நிற்கும். எனவே வலப்பக்கம் வளைகிறவர் தூரத்துக்கு ஆசைப்பட்டு லாஃப்டைக் குறைப்பது பெரும்பாலும் எதிர்விளைவைத்தான் தரும். நகரும் எடை உள்ள தலையானால், எடையை ஹீல் பக்கம் வைத்தால் பந்து இடப்பக்கம் வளைய உதவும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். தயாரிப்பாளர் கொடுத்த சாவியால், அது கிளிக் என்று சொல்லும்வரை முறுக்குங்கள். சுற்றின் நடுவே தொடக்கூடாது: அமைப்பை வேண்டுமென்றே மாற்றி, அதே நிலையில் பந்தை அடித்துவிட்டால் கோல்ஃப் விதி 4.1-இன்படி தகுதிநீக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் வளைவு போகவில்லை என்றால் ஷாஃப்டைச் சந்தேகிக்கலாம். அதிகம் விறைத்த ஷாஃப்ட் பலருக்குப் பந்தைத் தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் அனுப்பும், அதிகம் வளைவது உயரமாகவும் இடப்பக்கமாகவும். இது போக்குதான், விதியல்ல. ‘ரெகுலர்’, ‘ஸ்டிஃப்’ என்ற முத்திரைகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் போல இருக்கலாம். இந்தக் கட்டத்தில் கைப்பேசியில் சேர்த்த தடங்களின் படங்களோடு கிளப் பொருத்தும் நிபுணரிடம் போங்கள். ஷாஃப்டை வெட்டிக் குறைக்க அவர் சொன்னால், வெட்டிய பிறகு தலைக்கு எடை சேர்ப்பாரா என்று கேளுங்கள். அரை அங்குலம் குறைந்தாலே தலை கையில் லேசாகிவிட்டதுபோல் தோன்றும், ஸ்விங்கின் தாளமும் மாறும்.

அதுவரை பழைய டிரைவரை விற்க வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். மைதானத்துக்குப் போகும் பையில் மட்டும் வைக்காதீர்கள்; இரண்டு மோசமான அடிகளுக்குப் பிறகு கை அதைத்தான் தேடும்.