வெள்ளிவிழா மலரில் என்ன எழுதுவது? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சந்திப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். படித்து முடித்தவர்கள் தம் பணியிலும் வாழ்விலும் கண்ட திருப்பங்களை மலர்களில் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டதற்கு எதிரொலியாகக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. அதே மனநிலையில் பலர் எழுதியிருப்பதால் அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: நான் 1999இல் மின்னியல் பொறியியல் முடித்தேன். எங்கள் பேட்சின் வெள்ளிவிழா மலருக்கு ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையின் மைல்கற்களை அரைப் பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறார்கள். நான் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் அதை விட்டுவிட்டேன். பக்கவாதத்தில் படுத்த மாமியாரை எட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். இப்போது ஆறு ஆண்டுகளாக வீட்டருகே உள்ள பள்ளியில் கணக்கு ஆசிரியை. மற்றவர்கள் எழுதியதைப் படித்தால் துணைத் தலைவர் பதவி, சொந்த நிறுவனம், அமெரிக்கக் குடியுரிமை என்றிருக்கிறது. நான் எழுதாமலே இருந்துவிடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: இருந்துவிடாதீர்கள், அம்மா. நீங்கள் படித்த அதே மின்னியலை உங்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த அ. லலிதாவின் வாழ்க்கையை முதலில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1919இல் பிறந்த அவருக்குப் பதினைந்து வயதில் திருமணம் நடந்தது. மகள் பிறந்த நான்கே மாதத்தில் கணவர் இறந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. அந்தக் காலத்து வழக்கப்படி அவருடைய கதை ஒரு வீட்டின் பின்கட்டில் முடிந்திருக்க வேண்டும். கிண்டி கல்லூரியில் மின்னியல் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் மகளை மேலே படிக்க வைத்தார். இராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்த லலிதா அடுத்து மருத்துவம் படிக்கலாமா என்று எண்ணிப் பார்த்தார். நள்ளிரவில் அழைப்பு வந்தால் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓட நேருமே என்று அதை வேண்டாமென்று ஒதுக்கினார். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் என்று இன்று நாம் கொண்டாடுகிறவர் அந்தத் துறைக்குள் வந்ததற்கு அவருடைய குழந்தையின் தூக்கமும் ஒரு காரணம். இதை எந்த விழா மேடையிலும் நான் கேட்டதில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான்.

அவர் சேர்ந்த கிண்டி கல்லூரி, அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. லலிதாவைத் தொடர்ந்து பி.கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். லலிதாவுக்கு 1943இல் பட்டம் கிடைத்தபோது, பெண் ஒருவர் பெறுவார் என்று எண்ணிப் பார்க்காமலே அச்சடிக்கப்பட்டிருந்த சான்றிதழில் ‘ஹி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு ‘ஷி’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய ஒரு நிறுவனம், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணுக்காகச் செய்த திருத்தம் அந்த ஒரு கோடுதான்.

அதன்பின் அவர் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டுப் பயிற்சி பெற்றார். சிம்லாவில் ஓர் அரசு நிறுவனத்தில் வேலை பார்த்தார். பிறகு கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்து, பக்ரா நங்கல் அணையிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பித் தடங்களின் வடிவமைப்பில் பங்கேற்றார். எந்த ஊர் வேலையை ஏற்பது என்ற முடிவில், மகளைப் பார்த்துக்கொள்ளச் சகோதரர் குடும்பம் அருகில் இருக்குமா என்ற கேள்விக்கும் இடம் இருந்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாட்டில் கலந்துகொண்டார், 1977இல் ஓய்வு பெற்றார், 1979இல் காலமானார். கூடப் படித்த த்ரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். லலிதா அப்படியொரு பதவி உச்சியைத் தேடிப் போனவராகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த இருவரில் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்த எனக்கு நா எழாது.

ஆகவே உங்கள் அரைப் பக்கத்தில் மாமியாரைப் பார்த்துக்கொண்ட காலத்தை ‘குடும்பச் சூழல் காரணமாக’ என்ற இரண்டு மூன்று சொற்களுக்குள் ஒளித்துவிடாதீர்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று எழுதுங்கள். படுக்கைப் புண் வராமல் இத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தேன், மருந்துச் சீட்டை அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன் என்று, செய்ததைச் செய்தபடியே எழுதுங்கள். பிறகு பள்ளிக்குப் போன முதல் நாளையும், எந்தப் பாடத்தை நடத்தும்போது பிள்ளைகளுக்குப் புரிய ஆரம்பித்தது என்பதையும் எழுதுங்கள். வேலையை விட்டுவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் உங்கள் பேட்ச்காரர் யாராவது அதைப் படித்தால் அன்றைக்கே பேனாவை எடுப்பார்.

கேள்வி: நான் முதுகலை இயற்பியல் படித்தவன், பதினெட்டு ஆண்டுகளாகக் கருவூலத்தில் கணக்குப் பார்க்கிறேன். படித்த துறையில் நிலைக்காதவன் தன் துறையின் முன்னாள் மாணவர் பட்டியலில் இடம்பெறுவது பொருத்தமா? (வாசகர், சேலம்)

பதில்: உங்கள் துறையின் தலைசிறந்த முன்னாள் மாணவரே அரசாங்கக் கணக்குத் துறையில் பத்தாண்டுகள் இருந்தவர்தானே! சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906இல், தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 1907இல் முதுகலை முடித்தவுடன் நிதித் துறையில் சேர்ந்து கல்கத்தாவுக்கு உதவிக் கணக்காயராகப் போனார். ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லாத காலம் அது. அலுவலகம் செல்வதற்கு முன்னும் அது முடிந்த பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை செய்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அழைத்தபோது, குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு பேராசிரியரானார். ராமன் விளைவைக் கண்டறிந்த 1928 பிப்ரவரி 28, 1930இன் நோபல் பரிசு ஆகிய இரண்டும் எல்லோருக்கும் தெரியும். நடுவே இருந்த அந்தப் பத்தாண்டுகளைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டதும் அது நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். இருவருமே யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். ஒருவர் கறல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. தாமோதரம் பிள்ளை ஆசிரியராக இருந்தார். அரசாங்கக் கணக்குத் துறையில் பணியாற்றினார். சட்டம் படித்து 1871இல் பி.எல். பட்டம் பெற்று, கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்து, புதுக்கோட்டையில் நீதிபதியானார். இதுவே ஒரு மலருக்குப் போதுமான பட்டியல். ஆனால் தமிழர்கள் அவரை நினைப்பது, இந்த வேலைகளுக்கு இடையே அவர் அச்சுக்குக் கொண்டுவந்த தொல்காப்பியத்தாலும் வீரசோழியத்தாலும் கலித்தொகையாலும்தான். எடுக்கும்போது ஓரம் சொரிந்து, கட்டவிழ்த்தால் முறிந்து, புரட்டினால் துண்டாய்ப் பறந்த ஓலைகளை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைக் கலித்தொகையின் பதிப்புரையில் அவரே எழுதியிருக்கிறார். அந்த நூல் 1887இல் வந்தது.

உங்கள் மாலை நேரங்களில் என்ன நடக்கிறது என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. எதுவும் நடக்கவில்லை என்றாலும் உங்கள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டியதே; கருவூலத்தில் ஓய்வூதியக் கோப்பைத் தாமதமில்லாமல் நகர்த்துகிற ஒருவர் எத்தனை முதியவர்களின் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறார் என்பது எனக்கு என் தாயாரின் கோப்பிலிருந்து தெரியும்.

கேள்வி: மலரில் திருமணத்தைப் பற்றியெல்லாம் எழுதுவது சிறுபிள்ளைத்தனமாக இருக்காதா? பணி வரலாறு போதாதா? (வாசகர், மதுரை)

பதில்: மாநிலக் கல்லூரியில் 1930இல் பட்டம் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1983இல் நோபல் பரிசு பெற்றபோது தம்மைப் பற்றித் தந்த குறிப்பில், அதே கல்லூரியில் தமக்கு ஓராண்டு இளையவராகப் படித்த லலிதா துரைசுவாமியை 1936 செப்டம்பரில் மணந்துகொண்டதைப் பதிவு செய்தார், அவருடைய பொறுமையும் ஊக்கமும் தம் வாழ்வின் மையமாக அமைந்தன என்றும் சேர்த்துக்கொண்டார். விண்மீன்களின் எடைக்கு எல்லை கண்டவருக்கு அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றவில்லை.

கேள்வி: மூன்றாம் ஆண்டில் அப்பா இறந்ததால் படிப்பை நிறுத்தினேன், பட்டம் வாங்கவில்லை. நண்பர்கள் சந்திப்புக்குக் கூப்பிடுகிறார்கள். நான் முன்னாள் மாணவன்தானா? (வாசகர், விருதுநகர்)

பதில்: சீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார்; சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தரானார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அவரைத் தேர்ச்சி பெற வைக்காத இரண்டு கல்லூரிகளும் இன்று அவரைத் தம் பிள்ளை என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. எல்லோருக்கும் அவருடைய அறிவு வாய்க்காது என்பது உண்மை. ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிய அன்றே நீங்கள் அந்தக் கல்லூரியின் மாணவர். நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், போய் வாருங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் மலர்க் குழுவுக்கு நான் செயலாளர். உறுப்பினர்களுக்கு அனுப்பும் படிவத்தில் என்னென்ன கேட்கலாம்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பெயருக்கு அடுத்த கட்டத்திலேயே ‘தற்போதைய பதவி’ என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். பதவி இல்லாதவர்கள் அந்த இடத்திலேயே படிவத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். நான் போயிருந்த ஒரு சந்திப்பில், வாசலில் பதிவு மேசை முன் ஒருவர் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்தபடி வெகுநேரம் நின்றார், வரிசை நீண்டது, அவர் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு உள்ளே போனார், சாப்பாட்டுக்கு முன்பே திரும்பியும் போய்விட்டார். ‘படித்து முடித்த பின் நீங்கள் இருந்த ஊர்களும் செய்த வேலைகளும், ஆண்டு வாரியாக’ என்று கேளுங்கள். வீட்டு வேலையும் விவசாயமும் நோயும் அதற்குள் தாமாகவே வந்து அமரும். தேர்வில் தவறி மறுபடி எழுதியதையும் விரும்பினால் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இறந்துபோனவர்களுக்குப் பக்கம் ஒதுக்குங்கள். வெறும் பெயரும் மறைந்த தேதியும் போடாமல், குடும்பத்தாரிடம் பேசி அவர்களுக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள். முகவரி தெரியாதவர்களைக் கண்டுபிடிக்க, கடைசி ஆண்டு எடுத்த குழுப் படத்தைப் பெரிதாக்கிக் குழுவில் போடுங்கள். என் பேட்ச் படத்தில் மூன்றாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பவரின் பெயர் அச்சில் விடுபட்டுப்போயிருந்தது. எங்கள் விடுதிச் சமையற்காரர்தான் முகத்தைப் பார்த்ததும் பெயரையும் ஊரையும் சொன்னார். அவரைப் போன்ற பழைய பணியாளர்களில் யாராவது இன்னும் உங்கள் கல்லூரிப் பக்கம் இருந்தால், மலர் அச்சுக்குப் போகும் முன் படத்தை எடுத்துக்கொண்டு போய் ஒருமுறை அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.