கூப்பனில் இல்லாத வரி

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் ராணிப்பேட்டையைச் சேர்ந்தவன். ஒன்றரை ஆண்டாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே வேலை செய்கிறேன். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விசா தாமதமாவதால் மனைவி ஊரில் என் பெற்றோருடன் இருக்கிறாள். நான் சிறு வயதிலிருந்தே ஆலயத்தின் கட்டுப்பாட்டில் வளர்ந்தவன். இங்கே எல்லாமே வேறாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அலுவலகத்தார் பீர் அருந்தக் கூடுகிறார்கள். பெண்கள் கட்டியணைத்து வரவேற்கிறார்கள். தேவபயம் என்பதே இந்த நாட்டில் இல்லை. நான் குடியிருக்கும் வீட்டின் மற்ற அறைகளில் திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் ஒரு ஜோடி இருக்கிறது. நல்லவர்கள்தான், போன மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் சூப் வைத்துக் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த வீட்டில் இருப்பது என் சாட்சியைக் கெடுக்குமோ என்று உள்ளம் உறுத்துகிறது. வேதாகமத்தில், சிறைப்பட்டுப் போன பாபிலோனில் ராஜாவின் போஜனத்தினால் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்ளக் கூடாதென்று தானியேல் தீர்மானித்ததைப் போல நானும் தீர்மானித்து, வேலை முடிந்ததும் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். வீடு மாறிவிடட்டுமா? பரிசுத்தத்தைக் காத்துக்கொள்ள நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

(கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. கணியம்பாடிக்குப் பக்கத்தில் இருந்த என் பெரியம்மா சென்ற தை மாதம் காலமானார்கள். அன்றிலிருந்து என் மனத்தில் கிடந்து உழன்றுகொண்டிருக்கும் ஒரு செய்தியை உங்கள் கடிதம் நேராக வந்து தொட்டுவிட்டதால், உடனே உட்கார்ந்து எழுத முடியவில்லை.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பீர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆப்பிள் சாறு வாங்கிக்கொண்டு அவர்களோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த ஊரில் அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை. கட்டியணைப்பது அவர்களுடைய வணக்கம். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் கையை நீட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். தேவபயமே இல்லாத நாடு என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகளைச் சட்டம் போட்டு அடைத்து, ஓய்வுநாளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்திருக்கும் நாடு அது. ஒன்றரை ஆண்டு அங்கே இருந்தும் இது உங்கள் கண்ணில் படவில்லை என்றால், நீங்கள் அந்த நாட்டைப் பார்க்கவே இல்லை, உங்கள் அறையின் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

தானியேலைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். அழைத்தவர் முழுதாக வாசித்திருக்க வேண்டும். ராஜாவின் உணவும் திராட்சரசமும் வேண்டாம் என்று தானியேல் சொன்னது உண்மை. ஆனால் அதை முறைத்துக்கொண்டு சொல்லவில்லை. மேலதிகாரியிடம் பணிவாகப் பேசி, பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். அந்த ஒன்றைத் தவிர அவர் வேறு எதை மறுத்தார்? பாபிலோனை ஆண்ட கல்தேயருடைய மொழியைக் கற்றார், அவர்களுடைய எழுத்தைக் கற்றார், அவர்கள் வைத்த புதுப் பெயருக்கு உடன்பட்டார், அந்த அரசின் வேலையைக் குற்றம் கண்டுபிடிக்க முடியாதபடி செய்தார். ஜெபிக்கக் கூடாது என்று கட்டளை பிறந்த பிறகும் மேலறையில் எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருக்க, முன்பு செய்துவந்தபடியே நாளுக்கு மூன்று வேளை முழங்காலில் நின்றார். பலகணிகள் திறந்திருந்தன, தம்பி. விட்டுவந்த ஊரை நோக்கித் திறந்திருந்தன. நீங்களோ கதவைச் சாத்திக்கொண்டு அதற்குத் தானியேல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இப்போது என்னை வருத்திய இடத்துக்கு வருகிறேன். உங்கள் முழுக் கடிதத்தையும் நான் மூன்று முறை படித்தேன். சுத்தம், பரிசுத்தம், தீட்டு என்ற சொற்கள் மாறி மாறிப் பதினான்கு இடங்களில் வருகின்றன. உங்கள் மனைவி ஒரே ஓர் இடத்தில் வருகிறார், அதுவும் விசா தாமதமாகும் செய்தியோடு. அவர் எப்படி இருக்கிறார், உங்கள் வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை யார், இந்தச் சித்திரை வெயிலில் நாள் முழுதும் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. யாருக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிறீர்களோ, அந்த ஆள் உங்கள் கடிதத்தில் இல்லை. காவல் இருக்கிறது, காவல் காக்கப்படும் வீடு இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஒழுக்கம் என்பது பழங்கதை என்று சொல்கிறவள் அல்ல நான். கட்டிய மனைவிக்குத் துரோகம் செய்யாமல் இருப்பது பெரிய காரியம். பழகிய கண்கள் எதுவும் பார்க்காத தூரத்தில் அப்படி இருப்பது இன்னும் பெரிய காரியம். நம் ஊரில் நாம் ஒழுங்காக இருந்ததில் பாதி, எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களுடைய காவலால் நடந்தது; அங்கே அந்தத் திண்ணை இல்லாதபோதும் நீங்கள் வழுவாமல் இருப்பதை நான் மதிக்கிறேன். நான் சொல்வது வேறு. எதையும் தொடாமல் இருப்பது ஒன்று, ஒருவருக்கு உண்மையாக இருப்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வது ஆண்களுக்கு மிக எளிதாக இருக்கிறது. அதற்கு விலை கொடுப்பவர்கள் வேறொரு வீட்டில், வேறொரு அறையில் இருக்கிறார்கள்.

நீங்கள் பிறந்த அதே ராணிப்பேட்டையில் 1870-இல் ஓர் அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். வேலூர்க்காரர்களாகிய நாம் அவர் பெயரை சி.எம்.சி. ஆஸ்பத்திரியோடு மட்டும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஆஸ்பத்திரி எந்த இரவில் முளைத்தது என்பதை மறந்துவிட்டோம். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடல்நலம் குன்றிய தாயைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்திருந்த இளம்பெண் அவர். இந்த நாட்டில் தங்கும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அவரைக் கேட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவரும் உயர்சாதி இந்து. எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துப்போங்கள் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆண் தங்கள் மனைவியைப் பார்ப்பது முறையல்ல என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்தச் சாவுகள்தான் ஐடாவைத் திருப்பின. அவர் போய் மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் திறந்தார்.

அந்த மூன்று கணவர்களும் கெட்டவர்கள் அல்லர். நள்ளிரவில் மனைவிக்காக வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டும் அளவுக்கு அன்பு உள்ளவர்கள். தங்கள் வீட்டின் சுத்தத்தைக் காத்துவிட்டோம் என்ற உறுதியோடுதான் திரும்பி நடந்திருப்பார்கள். இந்த மூவரையும் நினைக்காமல் என்னால் 'தீட்டு' என்ற சொல்லைப் படிக்க முடிவதில்லை. எனக்கு வரும் கடிதங்களில் இந்தச் சொல் வராத மாதம் இல்லை. ஆண்கள் எழுதும்போது அது தங்களைப் பற்றியதாக இருக்கிறது. பெண்கள் எழுதும்போது அது தங்கள் மீது போடப்பட்டதாக இருக்கிறது.

இனி என் பெரியப்பாவைப் பற்றி. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் துறந்தார்கள் என்று கல்லில் வெட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திரும்பி வந்தவர்களுடைய மனைவிமார் எப்படி இருந்தார்கள் என்பதற்குக் கல் இல்லை. பெரியப்பா 1971 போரின் போதும் அதற்குப் பின்னும் வடக்கே இருந்தார். ஊரே அவரைச் சுத்தமானவர் என்று கொண்டாடியது. பங்காகக் கிடைத்த ரம்மைத் தொட்டதில்லை, பீடி இல்லை, சீட்டு இல்லை, வேறு பெண் நினைப்பு இல்லை. மாதம் தவறாமல் மணியார்டர் வரும். கடிதம் வராது.

மணியார்டர் பாரத்தின் அடியில், அனுப்புகிறவர் செய்தி எழுதுவதற்கென்று மூன்று விரல் அகலத்தில் ஓர் இடம் இருக்கும். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார். அதைத்தான் கூப்பன் என்போம். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் அதில் இருந்தது இவ்வளவுதான்: "நலம். பணம் பெற்றுக்கொள்." நான் படித்து முடித்த பிறகும் பெரியம்மா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு, "வேற இன்னா எழுதிக்கிறாரு?" என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்று இரண்டு மூன்று மாதம் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே சேர்த்துப் படிக்கத் தொடங்கினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஊரில் மழை உண்டா என்று கேட்டிருக்கிறார். கொல்லையில் வைத்த முருங்கை காய்க்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த விடுப்பில் பெரியப்பா வந்திருந்தபோது, மாலையில் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தோம். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டே, "நீங்க எழுதிக் கேட்டீங்களே, அந்த முருங்க இப்ப நல்லா காய்க்குது" என்றார்கள். "நான் எங்க எழுதினேன்?" என்றார் பெரியப்பா. பெரியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். திட்டவில்லை. கையிலிருந்த காயை உரித்து முறத்தில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் கூப்பனைப் படிக்க என்னைக் கூப்பிடவில்லை. தபால்காரரே படித்துச் சொல்லிவிட்டுப் போவார்.

தையில் காரியம் முடிந்ததும் பெரியம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தோம். கூப்பன்கள் அத்தனையும் இருந்தன, ஆண்டுவாரியாக நூல் போட்டுக் கட்டப்பட்டிருந்தன. உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தேன். எல்லாவற்றிலும் அதே நலம், அதே பணம். ஒன்று மட்டும் கட்டோடு சேராமல் மஞ்சள் துணியில் தனியே மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடித்து மடித்து, மடிப்பில் காகிதம் பஞ்சுபோல ஆகியிருந்தது. அந்த விடுப்பு முடிந்து பெரியப்பா திரும்பிப் போன மாதத்தின் முத்திரை அதில் இருந்தது. "நலம். பணம் பெற்றுக்கொள். முருங்கை காய்க்கிறதா." அதற்கு அடுத்த மாதத்திலிருந்து மறுபடியும் நலமும் பணமும்தான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பெரியம்மா ஐம்பது ஆண்டு இருந்திருக்கிறார்கள்.

நீங்கள் வீடு மாற வேண்டாம். மாறுவதானால் வாடகைக்காகவோ வேலைக்குப் பக்கமாகவோ மாறுங்கள். மூன்று நாள் உங்களுக்குச் சூப் வைத்துக் கொடுத்தவர்களைத் தீட்டென்று தள்ளிவிட்டு மாறாதீர்கள், அது நன்றிகெட்ட செயல். குணமான பிறகு அவர்களுக்கு நீங்கள் ஒரு நாள் சமைத்துப் போட்டீர்களா? கடிதத்தில் அதுவும் இல்லை.

விசா காகிதங்களை இந்த வாரமே மறுபடி எடுத்துப் பாருங்கள். எது நின்றிருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்று மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள், அது உங்கள் தந்தையோடு மட்டும் பேசி முடிக்கிற காரியம் அல்ல. இன்று இரவு அவரைக் கூப்பிடும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்ததை அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லுங்கள். பக்கத்து அறையில் இருக்கிறவர்கள் யார், எப்படி வாழ்கிறவர்கள், எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சூப்பில் என்ன போட்டிருந்தார்கள் என்று அவர் கேட்பார். தெரியாவிட்டால் எழுந்துபோய் அவர்களுடைய கதவைத் தட்டிக் கேட்டு வந்து சொல்லுங்கள்.

அன்புடன்.