ஜான் டிங்கல் 59 ஆண்டுகள் அமெரிக்கக் காங்கிரஸில் நீடித்தது எப்படி?

அப்பாவின் தொகுதி என்பதால்தான் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. மிச்சிகனின் டெட்ராய்ட் பகுதியில் 1933 முதல் உறுப்பினராக இருந்த அப்பா 1955இல் இறந்தார். அந்த டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் மகன் ஜெயித்தபோது வயது 29.

ஆனால் அவர் இருந்த பிரதிநிதிகள் சபையின் (காங்கிரஸின் கீழவை) பதவிக்காலம் இரண்டே ஆண்டுதான். வாரிசு என்ற பெயர் ஒரு தடவை கைகொடுக்கும். அவரோ 30 தடவை ஜெயித்தார்!

உண்மையான கண்டம் எதிர்க்கட்சியிடமிருந்து வரவில்லை, சொந்தக் கட்சியான ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில்தான் வந்தது. தொகுதி எல்லைகளை மாற்றி வரையும்போது இரண்டு சிட்டிங் உறுப்பினர்கள் ஒரே தொகுதியில் மாட்டிக்கொள்வார்கள். 1964இல் அப்படித்தான் ஜான் லெசின்ஸ்கியோடு மோதல். டிங்கல், கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைகள் சட்டத்தை ஆதரித்து வாக்களித்தவர், லெசின்ஸ்கி எதிர்த்தவர். வெள்ளைத் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி, டிங்கலுக்குத் தோல்வி என்றே பலரும் நினைத்தார்கள். ஜெயித்துவிட்டார். 2002இல் மறுபடி அதே நிலை, எதிரில் இன்னொரு சிட்டிங் உறுப்பினர் லின் ரிவர்ஸ். இந்த முறை கார் தொழிற்சங்கமும் துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் சங்கமும் சேர்ந்து அவர் பக்கம் நின்றன. ஒரே ஆளுக்கு இந்த இரண்டு ஆதரவும் கிடைப்பது அபூர்வம். என் பார்வையில் அவர் வெற்றியின் சூட்சுமமே அதுதான்.

தொகுதி மக்கள் கைவிடவில்லை, சகாக்கள்தான் கைவிட்டார்கள். சபையின் எரிசக்தி, வணிகக் குழுத் தலைமையை 2008இல் சொந்தக் கட்சி உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் சக உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மனிடம் 137–122 என்று இழந்தார். 2014இல் அவர் போட்டியிடவில்லை. அந்தத் தொகுதியில் நின்று ஜெயித்தவர் அவர் மனைவி டெபி.