வெள்ளை வீசுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

பதினொரு வருடமாக அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறேன். என் மகனுக்குப் பதினைந்து வயது. பள்ளியின் பாஸ் (bass) மீன்பிடி அணியில் இருக்கிறான். பாஸ் என்பது ஏரியில் வாழும் நன்னீர் மீன். இரண்டு மாணவர்கள் ஒரு படகில் போவார்கள். படகை ஓட்ட ஒரு பெரியவர் கூட இருப்பார், அவர் மீன் பிடிக்கக்கூடாது. சொன்ன நேரத்துக்குள் கரைக்குத் திரும்பி ஐந்து மீனை எடை போட வேண்டும்.

சென்ற மாதப் போட்டியில் திரும்பும் வழியில் எஞ்சின் மக்கர் செய்து மூன்று நிமிடம் தாமதமாகிவிட்டது. நிமிடத்துக்கு ஒரு பவுண்டு என்று மூன்று பவுண்டைக் கழித்துவிட்டார்கள். மூன்றாம் இடம் கிடைத்திருக்க வேண்டும், பதினான்காம் இடத்துக்குப் போய்விட்டார்கள். நடத்துபவர்களிடம் நான் எவ்வளவோ வாதாடினேன். மகனோ, “அப்பா, விடுங்கப்பா” என்று கையைப் பிடித்து இழுத்தான். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

2023இல் வட கரோலினாவில் நடந்த பிக் ராக் போட்டியில் ‘சென்சேஷன்’ என்ற படகு 619.4 பவுண்டு நீல மார்லின் என்ற பெரிய கடல் மீனைக் கொண்டுவந்தது. ஆறு மணி நேரம் போராடிப் பிடித்த மீன். சுறா கடித்திருக்கிறது என்று சொல்லித் தகுதி நீக்கம் செய்தார்கள். 35 லட்சம் டாலர் போயிற்று. அவர்கள் செய்த தவறு என்ன? ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கத்தானே விதி? நேர்மையானவர்களை ஏன் தண்டிக்கிறது? ஜெயித்தவர்களைப் பொய் கண்டறியும் கருவி முன்னால் உட்கார வைப்பதும் எனக்கு அவமானமாகப் படுகிறது. விளையாட்டுக்காக மீனைத் துன்புறுத்தலாமா என்ற சந்தேகமும் இருக்கிறது. மகனை இதிலிருந்து நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பெயர் வேண்டாம்,
கென்டக்கி

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஊரில் இருந்தேன். எங்கள் கண்மாயில் மீன்பிடித் திருவிழா முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். பொய் கண்டறியும் கருவியை நான் நம்புவதில்லை. அது நாடித்துடிப்பையும் மூச்சையும் வியர்வையையும் அளக்கிறது, பொய்யை எங்கே அளக்கிறது? ஆனால் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே அதற்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். போட்ட பிறகு அவமானம் என்று பேசக்கூடாது. மீனைத் துன்புறுத்துவது பற்றி: உங்கள் மகன் பிடிக்கும் பாஸ் மீனை எடை போட்டதும் உயிரோடு தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். பாஸ் மீன்பிடிப் போட்டிகளை நடத்திவந்த ரே ஸ்காட் என்பவர் 1972இல் தன்னுடைய போட்டிகளில் தொடங்கி வைத்த வழக்கம் அது. செத்த மீனைக் கொண்டுவந்தால் எடையில் கழிப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் மீன் சாப்பிடுகிற நான் உங்கள் மகனுக்கு இதற்கு மேல் உபதேசம் செய்ய மாட்டேன்.

சென்சேஷன் விஷயத்துக்கு வருவோம். அந்தப் படகில் இருந்தவர்களை நினைத்தால் எனக்கும் மனசு கனக்கிறது. ஜெயித்த மீன் 484.5 பவுண்டு. இவர்களுடையது அதைவிடக் கிட்டத்தட்ட 135 பவுண்டு அதிகம். 500 பவுண்டைத் தாண்டும் முதல் மீனுக்கென்று தனியாக 7,39,500 டாலர் பரிசும் இருந்தது. எல்லாம் சரி. ஆனால் சுறா கடித்த மீன் பாதி தோற்ற மீன் இல்லையா? ரத்தம் போகிறது, பலம் போகிறது. மற்ற படகுகளில் இருந்தவர்கள் முழு பலத்தோடு இழுத்த மீனோடு மல்லுக்கட்டினார்கள். அதனால்தான் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதியில், படகில் ஏற்றுவதற்கு முன் சுறாவோ வேறு மீனோ படகின் விசிறியோ சதையைக் கிழித்திருந்தால் அந்த மீன் கணக்கில் வராது. தூண்டில் நரம்பு உரசிய காயம் பரவாயில்லை, ஆறிப்போன பழைய தழும்பும் பரவாயில்லை. எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். படகுக்காரர்கள் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. அந்த மீன் போட்டிக்கு ஆகாது என்றார்கள், அவ்வளவுதான். இதைப் போய் நீங்கள் ‘தண்டனை’ என்று எழுதுகிறீர்கள்.

அதே பிக் ராக்கில் 2010இல் 883 பவுண்டு மார்லின் ஒன்று தள்ளப்பட்டது. படகில் வேலை செய்த ஒருவரிடம் மீன்பிடி உரிமம் இல்லை, மீன் மாட்டிய பிறகுதான் வாங்கினார் என்பது காரணம். ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அதில் மட்டும் எனக்கு இன்றுவரை தடுமாற்றம் உண்டு. ஒரு காகிதத்துக்கும் அந்த மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று மனசு கேட்கிறது. நீங்கள் அதைக் கேட்டிருந்தால் இவ்வளவு திடமாகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் கேட்டது வேறு. ‘ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கத்தானே விதி?’ இந்த ஒரு வரிதான் என்னை உட்கார வைத்தது.

ஏமாற்றுகிறவனைப் பிடிப்பது எளிது. 2022 செப்டம்பர் 30, ஒஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில் ஈரி ஏரிப் போட்டி. இருவர் கொண்டுவந்த ‘வால்ஐ’ (walleye) என்ற நன்னீர் மீன்கள் ஐந்தும் தராசில் 33.91 பவுண்டு காட்டின. கண்ணுக்கு இருபது பவுண்டு போலத்தான் தெரிந்தன. நடத்துநர் அங்கேயே வயிற்றைக் கிழித்தார். உள்ளே ஈயக் குண்டுகள், வேறு மீனின் சதைத் துண்டுகள். பத்து நாள் சிறை, உரிமம் மூன்று வருடம் முடக்கம், படகு பறிமுதல். அங்கே எடுத்த காணொளியைப் பார்க்கிற யாருக்கும் ரத்தம் கொதிக்கும். கத்தி ஒன்று இருந்தால் போதும், அந்தத் திருட்டு தெரிந்துவிடும்.

இன்னொன்றைக் கேளுங்கள். 2016, மேரிலாந்து, ஓஷன் சிட்டியில் நடக்கும் ஒயிட் மார்லின் ஓப்பன் போட்டி. 76.5 பவுண்டு வெள்ளை மார்லின் ஒன்று கரைக்கு வந்தது. அந்த வருடம் தகுதி எடையைத் தாண்டிய ஒரே வெள்ளை மார்லின். பரிசு 28 லட்சம் டாலர். மீனில் ஒரு குறையும் கிடையாது, ஈயம் இல்லை, காயம் இல்லை. ஆனால் காலை 8:30க்கு முன்னால் தூண்டில் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பது விதி. இவர்கள் அதற்கு முன்பே இறக்கிவிட்டார்கள் என்று வழக்கு நடந்து, 2017இல் நீதிபதி பரிசு கிடையாது என்று தீர்ப்பளித்தார். மறு வருடம் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

எத்தனை நிமிடம் முன்னால் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த நேரத்தில் அதே கடலில் மற்ற படகுகளில் எல்லோரும் தூண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள். காலடியில் கடல் இருக்கிறது, மீன் இருக்கிறது, ஆனாலும் இறக்காமல் நிற்கிறார்கள். அவர்களைப் படம் எடுக்க ஒரு ஆளும் கிடையாது.

இப்போது எங்கள் ஊர்க் கதை. கோடையில் கண்மாய் வற்றி முழங்காலளவு தண்ணீர் நிற்கும்போது ஒரு நாள் குறித்துச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். விடிவதற்கு முன்பே ஊத்தா, கச்சா, கூடை, வேட்டி என்று கையில் அகப்பட்டதோடு கரை முழுக்க ஜனம் நிற்கும். ஊத்தா என்பது அடிப்பக்கம் திறந்த மூங்கில் கூடு, தண்ணீருக்குள் குத்தி மீனை மடக்குவது. ஊர்த் தலைவரான அம்பலம் சாமி கும்பிட்டு வந்து கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். வெள்ளை வீசியதும்தான் இறங்கலாம். காசு கிடையாது, சாதி கேட்பதில்லை, அவரவர் பிடித்தது அவரவருக்கு. அன்று பிடித்த மீனை யாரும் விற்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வடக்கு மடைப் பக்கம் கருவேலம் புதர் மறைவில், இன்னும் இருட்டாக இருக்கும்போதே ஊத்தாவோடு இறங்கிவிட்டேன். இரண்டாவது குத்திலேயே ஊத்தா அதிர்ந்தது. மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால் விரால். என் முழங்கை நீளம். துண்டில் சுற்றிக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை வீசி எல்லோரும் இறங்கியதும் கூட்டத்தோடு கலந்து, அப்போதுதான் பிடித்தது போலத் தூக்கிக்காட்டினேன்.

அப்பா பக்கத்தில் வந்தார். என் டவுசரைப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த சேறு காய்ந்திருந்தது.

“வெள்ளை வீசுறப்ப எங்கடா நின்ன?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் அடிக்கவும் இல்லை. விராலை வாங்கி, இடுப்பளவு தண்ணீர் இருக்கும் இடம்வரை நடந்து போய் விட்டுவிட்டு வந்தார். விரால் வெளியே வெகுநேரம் தாங்கும் மீன், வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிப் போய்விட்டது. கரையில் என்னை உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் கீழத்தெருப் பையன் ஒருவன், என் வகுப்புதான், “விராலு! விராலு!” என்று கத்திக்கொண்டு தூக்கினான். அதே விரால்தான். அவன் கரையில்தான் நின்றிருந்தான், எனக்குத் தெரியும். இருட்டில் அவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதைப் புதருக்குள்ளிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் இப்போது ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். சென்ற வாரம் திருவிழாவில் பக்கத்தில் வந்து நின்று, “அன்னைக்கு எங்க வீட்டுல எட்டுப் பேரு சாப்பிட்டோம்டா” என்றான். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் உங்கள் கடிதம்.

இப்போது உங்கள் மூன்று நிமிடத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். எஞ்சின் மக்கர் செய்யலாம் என்று பயந்து, மீன் கடித்துக்கொண்டிருக்கும்போதே இருபது நிமிடம் முன்னால் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கிளம்பிய பையன் அந்த ஏரியில் ஒருவன்கூடவா இருந்திருக்க மாட்டான்? அவன் அந்த இருபது நிமிடத்தில் ஒரு பெரிய மீனை விட்டுவிட்டு வந்திருக்கலாம். உங்கள் மகனின் படகு அந்த நேரத்தையும் மீன் பிடிக்கப் பயன்படுத்திக்கொண்டது. அதில் தப்பில்லை, துணிந்து பார்த்தார்கள். ஆனால் மூன்று பவுண்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டபோது யாரிடமிருந்து கேட்டீர்கள்? நடத்துபவர்களின் பையிலிருந்தா? சீக்கிரம் கிளம்பி வந்து மூன்றாம் இடத்தில் நின்ற பையனிடமிருந்து கேட்டீர்கள். அவன் பெயரையாவது விசாரித்தீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரி இல்லை.

எஞ்சின் கோளாறு என் மகன் தப்பா என்பீர்கள். இல்லைதான். காரணம் கேட்க ஆரம்பித்தால் அன்று தாமதமான ஒவ்வொரு படகுக்கும் ஒரு காரணம் இருக்கும், எல்லாம் உண்மையாகவும் இருக்கும். அப்புறம் யார் நன்றாக வாதாடுகிறாரோ அவருடைய பிள்ளை ஜெயிக்கும். நீங்கள் படித்தவர், ஆங்கிலம் சரளமாக வரும், நின்று வாதாடினீர்கள். அப்படிப் பேசத் தெரியாத அப்பாக்களும் அந்தக் கரையில் நின்றிருப்பார்கள்.

இவ்வளவும் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏரியில் இருந்தவன் அவன். “விடுங்கப்பா” என்று எல்லோர் முன்னாலும் உங்கள் கையைப் பிடித்து இழுத்தானே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அருமையான பிள்ளை. மூன்று பவுண்டு போனதற்காகவா அவன் பேசாமல் இருக்கிறான்? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவனிடமும் இப்போது கேட்க வேண்டாம்.

அந்த விரால் போன பிறகு நானும் அப்பாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் மூங்கிலைப் பிளந்து போட்டுச் சிம்பு சீவ உட்கார்ந்தார். என் ஊத்தாவில் இரண்டு குச்சி முறிந்திருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் எதிரில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த போட்டிக்கு முன்னால் அந்த எஞ்சினை எப்படியும் பழுது பார்ப்பார்கள். மகன் அங்கே போனால் நீங்களும் கூடப் போங்கள். ஸ்பானரைக் கேட்டால் எடுத்துக் கொடுங்கள்.