வாட்டர் வாஷ் செய்த பிறகு பிரேக் பிடித்துக்கொண்டால்...

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். சனிக்கிழமை காரை வாட்டர் வாஷ் செய்து வீட்டில் நிறுத்தினால், திங்கள் காலை நகர மாட்டேன் என்கிறது. பின்சக்கரத்தில் 'டொக்' என்று சத்தம் வந்த பிறகே கிளம்புகிறது. பின் பிரேக் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இதற்காக மாற்றாதீர்கள். சக்கரத்தோடு சுழலும் பின்சக்கர பிரேக் டிரம் வார்ப்பிரும்பு. ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால், உள்ளே இருக்கும் வளைந்த பிரேக் ஷூ டிரம்மை அழுத்தியபடியே நிற்கும். இடையில் துரு பூத்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு விடுபடும் சத்தம்தான் நீங்கள் கேட்பது.

கழுவியதும் நேராக வீட்டில் நிறுத்தாமல், வாகனம் குறைந்த தெருவில் ஒரு சுற்று ஓட்டுங்கள். மெதுவாகப் போகும்போதே பிரேக்கை லேசாகப் பலமுறை மிதியுங்கள். அந்தச் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். பிறகு சமதளத்தில் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஓட்டுநர் பள்ளிகளில் ஹேண்ட் பிரேக்கை இழுக்க மட்டுமே கற்றுத்தருகிறார்கள். எப்போது இழுக்கக்கூடாது என்பதையும் சொல்லித்தந்தால் எத்தனை பேர் பணம் மிஞ்சும்!

சரிவு மட்டும் விதிவிலக்கு. ஏற்காட்டில் தங்கும் இடமெல்லாம் மேடும் பள்ளமும்தான். பனிமூட்டமும் ஈரமும் வேறு. அங்கே துருவுக்குப் பயந்து ஹேண்ட் பிரேக்கை விடவே கூடாது. வண்டி இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர். கூடவே ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். காலையில் ஒட்டியிருந்தால் விடுவித்துக்கொள்ளலாம், உருண்ட வண்டியை என்ன செய்வது?

மலையிலிருந்து இறங்கிய கையோடு அடிவாரத்தில் வாட்டர் வாஷுக்கு விடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் கொதித்திருக்கும். முன்சக்கர பிரேக்கின் சூடான வட்டத் தகட்டில் (டிஸ்க்) பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளலாம். ஆற விடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கழுவி முடித்ததும், 'அடியில் ஆயில் ஸ்பிரே அடிச்சா துரு பிடிக்காது சார்' என்பார்கள். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த எண்ணெய் பிரேக்கில் பட்டால் பிடிமானமே போய்விடும். அதோடு ஏற்காட்டுக்கு ஏறி இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 

ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டாலோ, வெயில் நாளிலும் ஒட்டினாலோ மெக்கானிக்கிடம் போங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கலாம். முதலில் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, லைனிங் (ஷூவின் மேல் தேயும் பட்டை) எவ்வளவு மீதி இருக்கிறது என்று கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.