பத்திரத்தில் இருக்கும் சந்து மேப்பில் இல்லையா?

கேள்வி: என் தாத்தா 1934-இல் சென்னை ஜார்ஜ் டவுனில் வீடு வாங்கிய பத்திரம் இப்போதுதான் கிடைத்தது. அதிலுள்ள சந்தின் பெயர் கூகுள் மேப்பிலும் இல்லை, தெருப் பலகையிலும் இல்லை. வீட்டு வாசலில் எடுத்த போட்டோ ஒன்று பெரியம்மாவிடம் இருக்கிறது. ‘வெள்ளைக்காரன் காலத்து மேப்’ எடுத்துத் தருவதாக ஒரு தரகர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மேப் என்னவாக இருக்கும் என்று பார்க்காமலேயே சொல்வேன். 1710 வாக்கில் வந்த, சென்னை கவர்னர் தாமஸ் பிட் கால வரைபடத்தின் கலர் பிரிண்ட், மேலே லேமினேஷன், மூலையில் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப். அந்த வரைபடம் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. கூடத்தில் மாட்டி வைக்கலாம், அழகாக இருக்கும். தாத்தா வீடு வாங்குவதற்கு 200 வருடத்துக்கும் மேல் முந்தையதை வைத்துக்கொண்டு வீட்டைத் தேட முடியாது.

ஜார்ஜ் டவுனில் காணாமல் போனதாகச் சொல்லப்படும் தெருக்களில் பெரும்பாலானவை அங்கேயேதான் இருக்கின்றன. பெயர் மாறியிருக்கும். சைனா பஜார் ரோடு என்.எஸ்.சி. போஸ் சாலையானது. பாபம்ஸ் பிராட்வே பிரகாசம் சாலையானது. அதற்கும் மேல், ஒரே தெருவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர். கோரல் மெர்ச்சன்ட் ஸ்ட்ரீட்தான் பவளக்காரத் தெரு. மின்ட் ஸ்ட்ரீட்தான் தங்கசாலைத் தெரு. ஆர்மீனியன் என்ற சொல் நம்மவர் வாயில் அரண்மனைக்காரன் ஆகி, ஆர்மீனியன் தெரு அரண்மனைக்காரன் தெருவானது. அங்கே எந்த அரண்மனையும் இல்லை. பத்திரம் தமிழில், மேப் ஆங்கிலத்தில் என்றால் இங்கேயே பாதிப் பேர் வழி தவறிவிடுகிறார்கள். 1970களின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டத்தை எடுக்கச் சொன்னார்கள். சில பலகைகளில் போனது, சிலவற்றில் இன்னும் இருக்கிறது. எடுத்தது சரிதான். ஆனால் பழைய பெயர் இது, புதிய பெயர் இது என்று ஓர் அட்டவணையை ஒவ்வொரு கவுன்டரிலும் ஒட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டால், “சிஸ்டத்தில் அந்தப் பெயர் வரவில்லை சார்” என்கிறார்கள்.

ஆகவே பெயரை விடுங்கள். பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் இருக்கும். அதில் கலெக்டர் சர்ட்டிபிகேட் எண், ஓ.எஸ். எண் (பழைய சர்வே எண்), ஆர்.எஸ். எண் (மறு சர்வே எண்) என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஜார்ஜ் டவுனில் எந்தப் பகுதி, பெத்துநாயக்கன்பேட்டையா, முத்தியால்பேட்டையா என்றும் பாருங்கள். ஆர்.எஸ். எண் இருந்தால் வேலை பாதி முடிந்தது: இன்றைய டவுன் சர்வே பதிவேட்டில் அது எந்த பிளாக், எந்த எண் என்று கேட்டு நகல் வாங்குங்கள். கதவு எண்ணை நம்பாதீர்கள், அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

எண் எதுவும் இல்லையென்றால் செக்குபந்தி இருக்கும். வடக்கே இன்னார் வீடு, கிழக்கே இன்னார் மனை, கிழமேலடி இத்தனை, தென்வடலடி இத்தனை. அந்த அண்டை வீட்டுக்காரர்தான் உங்கள் மேப். சார்பதிவாளர் அலுவலகத்தில் முதல் அட்டவணை ஆட்களின் பெயர்ப்படி, இரண்டாவது அட்டவணை சொத்துப்படி. 1908 பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி கட்டணம் செலுத்தி எவரும் இரண்டையும் பார்க்கலாம். தாத்தா பெயரில் தேடுங்கள். கூடவே அண்டை வீட்டார் பெயரிலும் தேடுங்கள். அவர்கள் வாரிசுகள் 1960-இலோ 1980-இலோ விற்றிருந்தால், அந்தப் பத்திரத்தில் தெருவின் புதுப் பெயர் வந்திருக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு, எத்தனை முறை சொன்னாலும் போதாது. பழைய தெருப் பெயரைக் கொடுத்து வில்லங்கம் போட்டால் ‘வில்லங்கம் இல்லை’ என்று சான்று வரும். தரகர் அதைக் காட்டி, “சொத்து சுத்தமாக உங்களுடையது, கேஸ் போடலாம்” என்பார். நீங்கள் கொடுத்த விவரத்தில் எதுவும் பதிவாகவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தாத்தாவே 1940-இல் விற்றிருக்கலாம்.

போட்டோவைக் குடும்பத்துக்காகப் பத்திரப்படுத்துங்கள். சாட்சியாக அதற்கு பலம் குறைவு, வழிகாட்ட உதவும். தண்டவாளம் தெரிந்தால் அது டிராம் போன தெரு. 1895 முதல் 1953 வரை ஓடியது. ஹைகோர்ட் கோபுரம் தெரிந்தால் எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் முதலில் கடைப் பலகை எழுத்தைப் பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருந்தால் இடம் வலமாகிவிடும்.

நிஜமாகவே அழிந்த தெருக்களும் உண்டு. பழைய கறுப்பர் நகரம் (பிளாக் டவுன், இந்தியர்கள் வாழ்ந்த பகுதி) கோட்டைச் சுவரை ஒட்டி, இன்று ஹைகோர்ட் நிற்கும் இடத்தில் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது கொஞ்சம் இடிபட்டது, பிறகு ஆங்கிலேயரே மீதியை இடித்து மைதானமாக்கினார்கள். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயில்கூடப் பூக்கடைப் பக்கம் இடம் மாறித்தான் எழும்பியது. இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் கட்டக்கூடாது என்று 1773-இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. அதற்குத் தெற்கே இருந்த தெருக்களுக்கு வரைபடம்தான் கதி. உங்கள் வீடு 1934-இல் விற்பனையானது, அது தூணுக்கு வடக்கேதான் இருந்திருக்கும்.

பெரியம்மாவிடம் சந்தின் பெயரைக் கேட்காதீர்கள். காளிகாம்பாள் கோயிலுக்கோ கந்தகோட்டத்துக்கோ வாசலிலிருந்து எந்தக் கைப்பக்கம் திரும்பிப் போவார்கள், வழியில் யார் கடை இருந்தது என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு காலை நேரத்தில் அவரையே ஆட்டோவில் அழைத்துப் போங்கள். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் கைவண்டிகள் வந்துவிடும்.